ஒரே ஃப்ரிட்ஜில் இரண்டு இன்சுலின்

"பூனைக்குக்கூட சர்க்கரை வருமா சார்?"

கடந்த மூன்று மாதத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். பால்காரர் கேட்டார், பழைய மாணவர்கள் கேட்டார்கள், சம்பந்தி வீட்டிலும் கேட்டார்கள். வரும். நமக்கு வருவதைப் போலவே வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குட்டிக்குப் பத்து வயது. பத்து வயதானாலும் பெயர் குட்டிதான். கருத்தடை செய்த ஆண் பூனை, ஆறு கிலோ எடை, சாப்பாடும் தூக்கமும்தான் வேலை. இந்த நோய் அதிகம் வருவது இப்படிப்பட்ட பூனைகளுக்குத்தான். பெரும்பாலும் நம்முடைய இரண்டாம் வகைச் சர்க்கரையைப் போன்றது. ஸ்டீராய்டு மருந்தாலும் சில பூனைகளுக்கு வருவதுண்டு.

முதலில் தண்ணீர்க் கிண்ணம் காலியாக ஆரம்பித்தது. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மணல் தொட்டியில் ஈரம் அதிகமானது, எறும்பும் வந்தது. நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பின்னங்கால்களைக் குதிகால் தரையில் படும்படி வைத்து நடந்தான். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டால் பூனை இப்படித்தான் நடக்குமாம்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். எடை 4.6 கிலோ. ரத்தச் சர்க்கரை 412. ஆனால் அதை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. "கூடையில் போட்டுக் கொண்டுவந்த பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் சார்" என்றார். சிறுநீரில் சர்க்கரை பார்த்தார், ஃப்ரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். நமக்கு ஹெச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கைச் சொல்வது போல, இது கடந்த இரண்டு மூன்று வாரக் கணக்கைச் சொல்லும். அதன் பிறகுதான் இன்சுலின். கிளார்ஜின், காலை ஒரு யூனிட், பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு யூனிட்.

இங்கேதான் எங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று வந்தது. என் மனைவிக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. அவளுடைய இன்சுலின் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி, அதற்குச் சிவப்புத் தொப்பி சிரிஞ்ச். குட்டியின் இன்சுலின் ஒரு மில்லியில் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சுத் தொப்பி சிரிஞ்ச். மருந்துக்கடைப் பையன் எங்களை நன்றாகத் தெரிந்தவன். தெரிந்த பழக்கத்தில் குட்டியின் மருந்தோடு சிவப்புத் தொப்பியையே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டான். வீட்டில் பிரித்துப் பார்த்தவள் என் மனைவி. "என்னங்க, இது என்னோடதுல்ல?" என்றாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் ஒரு கோடு அளவு இழுத்தால், உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். நாலரைக் கிலோ உயிருக்கு அது ஆபத்தாக முடியலாம். அன்றே ஃப்ரிட்ஜில் இரண்டு டப்பா வைத்தோம். ஒன்றில் அவள் பெயர், ஒன்றில் பூனைப் படம். சிரிஞ்சுகளுக்கும் தனித்தனி அலமாரி. வீட்டில் மனிதருக்கும் பிராணிக்கும் சேர்ந்து ஊசி போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் வையுங்கள். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஊசி போடுவது நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்து, குட்டி தலையைக் கவிழ்த்ததும் விலாப் பக்கத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி உள்ளே குத்த வேண்டும். ஊசி மெல்லியது, அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சர்க்கரை பார்ப்பதுதான் கஷ்டம். காது ஓரத்தைச் சூடு செய்து, ஒரு துளி ரத்தம் எடுக்க வேண்டும். நம் மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் அளவைக் குறைத்தே காட்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மருந்தைவிட மீட்டர் பட்டைகளுக்குத்தான் எங்களுக்குச் செலவு அதிகம்.

சாப்பாடு மாறியது. பால்சோறு, தயிர்சாதம், பிஸ்கட் எல்லாம் நின்றன. பூனை மாமிசம் தின்னப் பிறந்தது; மாவுச்சத்து அதற்குத் தேவையே இல்லை. டாக்டர் சொன்ன மாவுச்சத்து குறைந்த ஈர உணவும், உப்பு வெங்காயம் பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியும் கொடுக்கிறோம். வெறும் கோழி மட்டும் போட்டால் கால்சியம் போதாது, அதனால் அளவை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை. ஒரு நோட்டு போட்டேன். தேதி, மணி, சர்க்கரை, யூனிட், சாப்பிட்டது, குடித்த தண்ணீர், வாரம் ஒரு முறை எடை. முதல் பக்கத்தில் டாக்டர் சொன்ன மூன்று விதிகள். சாப்பிடவில்லை என்றால் ஊசி போடும் முன் போன் செய்ய வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது. ஊசி தோலுக்குள் போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடவே கூடாது. "சர்க்கரை ஒரு நாள் ஏறினால் சமாளிக்கலாம் சார், இறங்கினால் மணிக்கணக்குதான்" என்றார்.

அது ஒன்றரை மாதத்தில் நடந்தது. மதியம் இரண்டு மணி. குட்டி கூடத்தில் நடந்து வந்தவன் குடித்தவனைப் போலச் சாய்ந்தான். கண் விரிந்திருந்தது, தலை ஆடியது. மீட்டர் 48 காட்டியது. என் மனைவி தேன் பாட்டிலோடு வந்துவிட்டாள். இந்த நடுக்கம் அவளுக்குப் பழக்கமானது. விரலில் தொட்டு ஈறில் தடவினாள். வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பதினைந்து நிமிடத்தில் தலையைத் தூக்கினான், கிண்ணத்தில் கொஞ்சம் சாப்பிட்டான். ஆட்டோவில் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது 110. நோட்டைப் புரட்டிப் பார்த்த டாக்டர், "இவனுடைய கணையம் விழித்துக்கொள்கிறது" என்றார். அளவு பாதியானது. சீக்கிரம் கண்டுபிடித்து ஒழுங்காகப் பார்த்தால், சில பூனைகளுக்குச் சில மாதத்தில் இன்சுலினே தேவைப்படாமல் போவதுண்டு. குட்டிக்கு அப்படி ஆகுமா என்பதை இனி வரும் வாரங்களில் நோட்டுதான் சொல்ல வேண்டும். இப்போதைக்கு எடை 5.1 கிலோ, குதிகால் தரையிலிருந்து எழும்பிவிட்டது.

பேத்தியின் காதுகுத்துக்கு இரண்டு நாள் கோவை போக வேண்டியிருந்தது. எதிர் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒரு வாரம் எங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டான். காலை ஏழு, இரவு ஏழு, ஒரு நிமிடம் பிசகவில்லை. நோட்டில் அவன் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கிறது.

அந்த விழாவில்தான் உறவினர் ஒருவர் கேட்டார்: "ஒரு பூனைக்கு இவ்வளவு தேவையா?" கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். நானும் அறிவியல் ஆசிரியன், பாடமாகவே பதில் சொன்னேன். 1921-இல் டொரொண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைத் தேடியபோது நாய்களை வைத்துத்தான் சோதித்தார்கள். கணையம் எடுக்கப்பட்ட நாய்கள் அந்தச் சாற்றால் பிழைத்தன. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட மருந்து மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. அதன் பிறகு அறுபது வருடம் உலகம் முழுக்கச் சர்க்கரைக்காரர்கள் மாட்டின், பன்றியின் இன்சுலினால்தான் உயிரோடு இருந்தார்கள். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். என் மனைவி இன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமான மருந்து பிராணிகளிடமிருந்து வந்தது. அதில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒரு பிராணிக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். அவர் சிரித்துவிட்டு, பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பூனை வளர்க்கும் நண்பர்களே, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள். திடீரென்று அதிகம் குடித்தாலோ, நன்றாகத் தின்றும் இளைத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். நான் சொன்ன யூனிட் கணக்கு குட்டிக்கு மட்டும்தான். உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு. ஊசி எப்படிப் பிடிப்பது, நோட்டு எப்படிப் போடுவது என்று கேட்டால் எப்போது வேண்டுமானாலும் சொல்லித் தருகிறேன்.