அம்மாவைக் கேட்டீர்களா?

விருதுநகரில் காமராஜர் நினைவு இல்லத்துக்கு வருகிறவர்கள் மகனைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் அந்தச் சின்ன வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அவருடைய தாயார் சிவகாமி அம்மாள்.

மகன் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். தாய்க்கு மாதம் 120 ரூபாய் அனுப்பி வைத்தார் என்பது பலரும் எழுதியிருக்கும் செய்தி. பார்க்க வருகிறவர்களுக்கு சோடா, கலர் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, 150 ஆக்கினால் நல்லது என்று அம்மா சொல்லி அனுப்பியதாகவும், மகன் அதற்கு இணங்கவில்லை என்றும் சொல்வார்கள். சென்னைக்கு வந்து மகனோடு இருக்க அம்மா ஆசைப்பட்டார். அவர் வந்தால் பின்னாலேயே உறவினர்களும் வருவார்கள், அரசு வீடு குடும்ப வீடாகிவிடும் என்று மகன் மறுத்தார். தலைமுறைகளாக இந்தக் கதை மகனின் நேர்மைக்குச் சாட்சியாகச் சொல்லப்பட்டு வருகிறது. சரியான சாட்சிதான். கதையை அம்மாவின் பக்கம் உட்கார்ந்து கேட்டால் வேறொன்றும் தெரியும். இளம் வயதில் கணவரை இழந்து, மகனையும் மகளையும் வளர்த்தெடுத்த பெண் முதுமையில் எங்கே இருப்பது என்பதை முடிவு செய்தவர் அவரல்ல. ஆனாலும் அவருக்குச் சொந்த ஊர் இருந்தது, பழகிய தெரு இருந்தது, பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கம் இருந்தது. அந்த மூன்றும் இல்லாத முதியோர் இல்லத்துக்குப் பெற்றோரை அனுப்பும் விண்ணப்பத்தை நிரப்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

விண்ணப்பம் என்பது பெரிய விஷயமில்லை. ஆதார் நகல், புகைப்படம், மருத்துவச் சான்று, பொறுப்பாளர் பெயர், அவசரத்துக்கு அழைக்க ஒரு கைபேசி எண். அநேகமாக மகனோ மகளோ நிரப்பிவிடுகிறார்கள். போகப்போகிறவர் கடைசியில் ஒரு கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. அதற்கு முன்பு அவரை யாராவது அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்களா?

முதியவரைக் கேட்காமலே முடிவெடுக்கும் பழக்கத்துக்கு இந்த மாவட்டத்தில் மிகக் கொடிய வடிவம் ஒன்று உண்டு. தலைக்கூத்தல். படுக்கையில் விழுந்த முதியவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைக்கும் வழக்கம். 2010-இல் 80 வயதைக் கடந்த ஒருவர், வீட்டார் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டு, தப்பியோடி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதன் பிறகுதான் செய்தி வெளியே பரவியது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ இந்த வழக்கத்தைப் பற்றிய படம். 2019-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது. அந்த முதியவர் ஓடியதில்தான் எத்தனை தெளிவு! எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தன் கால்களாலேயே பதில் சொல்லிவிட்டார். கால் வராமல் கிடந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இதற்காகப் பிள்ளைகளை மொத்தமாகத் திட்டுவது நியாயமில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலையில் ஃபயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையின் வண்டி வந்தால் மகனும் மருமகளும் ஏறிப் போக வேண்டும். பலருக்கு எண்ணிக்கைக் கூலி, போகாத நாளுக்குக் காசில்லை. அவர்கள் வீடு திரும்பும்வரை கட்டிலில் கிடக்கும் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை. அந்த அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் ஆண்டுக்கணக்காகக் காலை மடக்கி உட்கார்ந்து முட்டி தேய்ந்தவர்தான். அவருக்கு அரசு தரும் முதியோர் உதவித்தொகை, 2023-இல் உயர்த்திய பிறகும், மாதம் 1,200 ரூபாய். ஹோமில் சேர்க்கலாம் என்று போனால் பல இடங்களில் முதல் நிபந்தனையே தன் வேலையைத் தானே செய்துகொள்ளக் கூடியவராக இருக்க வேண்டும் என்பது. யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே கதவு அடைபடுகிறது.

ஒரு பழைய ஏற்பாடு இங்கே நினைவுக்கு வருகிறது. 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா தொடங்கப்பட்டது. பள்ளிக்காக வீடுகளில் உலை வைக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். சேர்ந்த அரிசியை வீடு வீடாக வந்து வாங்கிப் போய் விற்றுப் பள்ளிச் செலவுக்குப் பணமாக்கினார்கள். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில். பிடியரிசியால் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊருக்கு, பகல் முழுக்கத் தனியே கிடக்கும் கிழவிகளுக்கு ஒரு தெருவுக்கு ஒரு சமையலும் ஒரு செவிலியும் ஏற்பாடு செய்வது முடியாத காரியமா? மாலையில் அவரவர் வீட்டுக்கே திரும்பிவிடலாம். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனையும் பார்க்கலாம்.

அப்படி ஒன்று வரும்வரை இல்லம் தேடத்தான் வேண்டும். சாயங்காலம் சொல்லாமல் போய்ப் பார்ப்பது நல்லது. கழிப்பறையில் பிடிமானக் கம்பி இருக்கிறதா, இரவில் கூப்பிட்டால் எழுந்து வர ஆள் உண்டா, உடம்பு முடியாமல் போனால் வைத்துக்கொள்வார்களா, திருப்பி அனுப்புவார்களா, திருவிழாவுக்கு ஊருக்கு விடுவார்களா? முதியவரையும் கூட்டிப்போய், அங்கே இருப்பவர்களோடு அவரைத் தனியே பேசவிட வேண்டும். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் வழியும் அவருக்கு இருக்க வேண்டும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கும் இல்லம் பற்றிப் பேசுகிறது. ஆனால் அமைத்தே ஆக வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளைகள் கைவிட்டால் முதியவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் தாமே மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு 23-ஆவது பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, மகன் பார்க்காமல் போனால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இந்தப் பிரிவை முதியவருக்கு ஆதரவாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் செட்டில்மென்ட் எழுதப் போகிறவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகே கையெழுத்துப் போடட்டும்.