கீல்

காரின் இடது முன்கதவுக் கண்ணாடி இறங்கவில்லை. இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு வெட்கப்பட வேண்டும்தான். ஆனால் அந்த இடத்தில் உட்காருகிறவர் என் அப்பா. இளைப்புக்காரர். ஏ.சி. காற்று பட்டால் இருமல் தொடங்கிவிடும்; கண்ணாடி மூடியிருந்தால் மூச்சு முட்டும். மாதம் ஒருமுறை அவரைப் பாளையங்கோட்டையில் டாக்டரிடம் கூட்டிப்போகத்தான் பாங்கில் கடன் போட்டு, இரண்டு கை மாறி வந்த, 2008ல் செய்யப்பட்ட அந்த வண்டியை வாங்கினேன். 2023 ஐப்பசி மழைக்குப் பிறகு கண்ணாடி நின்றுவிட்டது.

என்னிடம் ஒரு மீட்டர் உண்டு. பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு மீட்டர் எதற்கு என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். பிறர் சொல்வதை நம்பாமல் அளந்து பார்க்கும் புத்தி என்னிடம் இருப்பதாக ஒரு எண்ணம்.

கதவுக் கண்ணாடி மோட்டாருக்கு இந்த வண்டியில் போவது இரண்டே ஒயர்கள். சுவிட்சுகள் கதவில் இல்லை, கியருக்குப் பக்கத்தில். சும்மா இருக்கும்போது இரண்டு ஒயர்களும் பாட்டரியின் நெகடிவோடு சேர்ந்திருக்கும். சுவிட்சை ஒரு பக்கம் அழுத்தினால் ஒன்றில் 12 வோல்ட் ஏறும். மறுபக்கம் அழுத்தினால் மற்றதில். மோட்டார் திசை மாறிச் சுற்றும். அவ்வளவுதான் சூட்சுமம். ப்யூஸ் நன்றாயிருந்தது. இடது வலது சுவிட்சுகளின் இணைப்பை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இடது சுவிட்ச் வலது கண்ணாடியை ஒழுங்காக ஏற்றி இறக்கியது. சுவிட்ச் குற்றவாளி இல்லை. கைப்பிடிக்குள் ஒளிந்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, பிளாஸ்டிக் கிளிப்புகளில் மூன்றை உடைத்து, கதவின் உள்பலகையை எடுத்தேன். பின்னால் ஒரு பாலிதீன் தாள். கதவுக்குள் மழைத் தண்ணீர் வரத்தான் வரும். கண்ணாடியை ஒட்டி வழிந்து அடியிலுள்ள துளைகளில் வெளியேறும். அது வண்டிக்குள் கசியாமல் தடுப்பது அந்தத் தாள். (அதைக் கிழித்து எறிந்துவிட்டுப் பிறகு தரைவிரிப்பு ஏன் நனைகிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.) மோட்டாரிலிருந்து சாக்கெட்டைப் பிடுங்கி அதில் மீட்டரை வைத்தேன். அப்பா சுவிட்சை அழுத்தினார். 12.3. மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை, ஆகவே மோட்டார் செத்துவிட்டது. இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை நான் எந்த மதிப்புரையிலும் எழுதியதில்லை. 2,200 ரூபாய்க்குப் புது மோட்டார் வாங்கி மாட்டினேன். அதுவும் சுற்றவில்லை. மின்சாதனங்களைத் திரும்ப வாங்குவதில்லை என்று கடையில் முதலிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள்.

இதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும். ராத்திரி, ரயில்வே கேட்டில் நிற்கிறோம். அப்பாவுக்கு இளைப்பு கண்டிருந்தது. காற்றுக்காகக் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தார். கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. “தொறந்து பிடிச்சா எறங்குது, பாத்தியா” என்றார். மூச்சுக்கிடையில் இதைச் சொல்ல அவருக்கு நேரமாயிற்று. பக்கத்தில் லாரி நெருங்கிக்கொண்டிருந்தது. “கதவைச் சாத்துங்கப்பா” என்றேன். சாத்தினார். மோட்டார் வாங்கப் போன அன்று காலையும் அதையே சொன்னார். அது தற்செயல் என்று விளக்கினேன். விளக்கினேன் என்பது சரியான வார்த்தையில்லை.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேப்பமரத்தடியில் கொட்டகை போட்டிருக்கிறவர். என் மீட்டர் கதையைப் பொறுமையாகக் கேட்டார். “வோல்ட் சரிதான் சார். லோடு குடுத்துப் பாத்தீங்களா?” என்றார். இன்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து வைத்திருந்தார். அதை மோட்டார் சாக்கெட்டில் கொடுத்துச் சுவிட்சை அழுத்தச் சொன்னார். பல்பில் ஒரு மினுக்கல்கூட இல்லை. 

“கதவ ஆட்டும்போது எப்பமாவது வேலை செஞ்சுதா?”

நான் பேசவில்லை. மரத்தடி ஸ்டூலில் இருந்த அப்பா, “செஞ்சுது” என்றார்.

எலக்ட்ரீஷியன் கதவை மெதுவாக மூடிக்கொண்டு வந்தார். பாதியில் பல்பு எரிந்தது. இன்னும் கொஞ்சம் மூடினார், அணைந்தது. கீலுக்கு நடுவே, கதவுக்கும் பாடிக்கும் இடையில் ஒரு ரப்பர்க்குழல் உண்டு. ஒயர்கள் அதற்குள்தான் போகின்றன. அதைப் பிதுக்கி இழுத்தார். பார்வைக்கு எல்லா ஒயரும் முழுசு. ஒன்றைப் பிடித்து இழுத்தபோது மட்டும் அது ரப்பர்போல் நீண்டது. மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்துபோயிருந்தது. கீறிக் காட்டினார். பச்சைக் களிம்பு. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை இது என்று அப்பா சொன்னார். எலக்ட்ரீஷியனிடம் சொன்னார், என்னிடம் அல்ல.

நாளைக்குப் பத்துத் தடவை என்றாலும் பதினைந்து வருஷத்தில் 50,000 தடவைக்கு மேல் அதே இடத்தில் மடங்கிய செம்பு. மடங்க மடங்க இறுகி, இழை இழையாக முறிந்திருக்கிறது. கதவு அகலத் திறந்திருந்தபோது, முறிந்த முனைகளுக்கு நடுவே களிம்பும் ஈரமும்தான் பாலம். மீட்டருக்கு அது போதும். 10 மெகா ஓம் தடையுள்ள மீட்டர் கேட்பது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். 21 வாட் பல்பு ஒன்றேமுக்கால் ஆம்பியர் கேட்கிறது. மோட்டார் அதற்கும் மேலே. நான் எதையும் கேட்காமல், எதையும் தூக்கச் சொல்லாமல் அளந்திருக்கிறேன். கல்லூரியில் எங்களுக்கு ரிச்சர்ட்ஸைச் சொல்லிக்கொடுத்தார்கள். கவிஞன் பெயரை மறைத்துக் கவிதையை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தவர். 1929ல் அது புஸ்தகமாக வந்தது. நல்ல பரிசோதனைதான், இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி எடுத்து நான் அளந்து 12.3 போட்ட தொகுதிகள் சில இப்போது அலமாரியிலிருந்து என்னைப் பார்க்கின்றன. பூஜ்யம் போட்டவையும்தான்.

அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் என்ன என்று கேட்டேன். கூடாதாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் குச்சியாக்கிவிடும். மடங்கும்போது ஈயம் முடிகிற இடத்தில் மறுபடி முறியும். மெல்லிய இழைகள் நிறைந்த புது ஒயரைச் சற்று நீளமாக வெட்டி, கதவுக்குள் ஒரு இணைப்பு, பாடிக்குள் ஒரு இணைப்பு என்று போட்டு, நடுவே ரப்பர்க்குழலுக்குள் இணைப்பே இல்லாமல் தளர்வாக விட்டார். ஸ்பீக்கர் ஒயர் ஒன்றும் இழுத்தால் நீண்டது. அதையும் மாற்றினார். 350 ரூபாய் வாங்கினார். பழைய மோட்டாரை நேராகப் பாட்டரியில் கொடுத்துப் பார்த்தார், ஜோராகச் சுற்றியது. நான் வீட்டிலேயே இதைச் செய்திருக்கலாம். புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டவா என்றார். வேண்டாம் என்றேன். ஏனென்று அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது அப்பா கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி முழுக்க இறக்கினார். கேட் வரையில் பேசவில்லை. பிறகு, “முன்னையவிடச் சத்தம் ஜாஸ்தியா இருக்கு” என்றார்.

புது மோட்டார்.