நேர்காணலும் அமானிதமும்



சென்ற ஷவ்வால் மாதத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் இஸ்லாமியக் கல்வி ஆசிரியர் பணிக்கு நாம் விண்ணப்பித்தோம். மதரஸா ஊதியத்தில் மூன்று பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளிப்பது கடினமாகியிருந்தது.

தேர்வு நான்கு கட்டங்களாக நடந்தது. முதலில் தஜ்வீதுடன் குர்ஆன் ஓதுதல். அடுத்து எழுத்துத் தேர்வு. பின்னர் ஏழாம் வகுப்பில் மாதிரிப் பாடம். இறுதியில் நிர்வாகக் குழுவின் நேர்காணல். மாதிரிப் பாடத்திற்கு ஜகாத்தை எடுத்துக்கொண்டோம். இரண்டரை விழுக்காடு என்றால் ஒரு லட்சம் ரூபாய்க்கு 2,500 ரூபாய் என்று பலகையில் எழுதியதும், "கடன் இருந்தால், ஹஜ்ரத்?" என்று ஒரு மாணவர் கேட்டார். அக்கேள்வியிலேயே பாடம் உயிர் பெற்றது.

இறுதிக் கட்டத்திற்கு 15 ஆண்டு அனுபவச் சான்று கேட்டிருந்தார்கள். நமக்கு இருந்ததோ 13 ஆண்டுகள். "இரண்டு ஆண்டுகளைக் கூட்டி எழுதி வாங்கிவிடலாம், எல்லோரும் செய்வதுதானே" என்றார் பழக்கமான ஒருவர். வீட்டில் சொன்னபோது, "பொய் சொல்லி வர்ற சம்பளம் நம்ம பிள்ளைங்களுக்கு வேணாங்க" என்று மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, 13 ஆண்டுகளுக்கான சான்றையே சமர்ப்பித்தோம். வேலை வேறொருவருக்குக் கிடைத்தது.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம் பேணுதலையும் அறிவையும் எடுத்துரைத்ததைக் குர்ஆன் (12:55) கூறுகிறது. ஆகவே உள்ள தகுதியைச் சொல்வது பெருமையடித்தல் ஆகாது. இல்லாததைச் சொல்வதே குற்றம். மூஸா (அலை) அவர்களைப் பணியமர்த்தும்படி மத்யன் பெரியவரின் மகள் தந்தையிடம் பரிந்துரைத்தபோது (28:26), இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார்: வலிமை, நம்பகம். ஓதலும் எழுத்தும் பாடமும் நம் வலிமையை அளந்தன. நம்பகத்தை அளக்கும் கட்டமோ எந்த அழைப்புக் கடிதத்திலும் இடம்பெறுவதில்லை. வெற்றுச் சான்றிதழ் கையில் இருக்கும் வேளையில், அல்லாஹ் மட்டுமே பார்த்திருக்க அது நடந்தேறுகிறது.

வேலை தேடும் நம் இளைஞர்களே! தயாரிப்பில் குறை வைக்காதீர்கள். விண்ணப்பத்தில் ஓர் எண்ணையும் கூட்டாதீர்கள். ரிஸ்க் எழுதப்பட்டது, அதை அடையும் வழியே நம் பொறுப்பு. பணியில் அமர்ந்த அந்த ஆசிரியருக்கு அல்லாஹ் பரகத் செய்வானாக! நம் அனைவருக்கும் ஹலாலான வாழ்வாதாரத்தை விசாலமாக்கித் தருவானாக! ஆமீன்.