மீண்டும் முதல் பாடம்

தில்லிக்கு வந்து சேர்ந்த தமிழர்களுள் என் தலைமுறையினர் பலருக்குச் சோறு போட்டது தட்டச்சு இயந்திரம். பள்ளியிறுதித் தேர்வு முடிந்தவுடன் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்வது அந்நாளில் எங்கள் ஊர்ப்பக்கம் எழுதாத விதி. நானும் 1971இல் கும்பகோணத்தில், ஒரு மாடி அறையில், பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களின் ஓசைக்கிடையே 'ஏ எஸ் டி எஃப்' என்று தொடங்கினேன். விசைகளைப் பார்த்து அடிக்கும் வழக்கம் வந்துவிடக் கூடாதென்று ஆசிரியர் எங்கள் கைகளின்மேல் ஒரு துணியை விரித்துவிடுவார். லோயர், ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினேன். 1974இல் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது.

என் பிரிவில் என்னைவிட விரைவாக அடிப்பவர் எவரும் இல்லை. ஐந்து கார்பன் தாள்களை இடையே வைத்துப் பிழையின்றி ஒரு பக்கத்தை முடித்து உருவி எடுக்கும்போது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்று விளக்கிச் சொல்வது கடினம். கடைசிப் படியிலும் எழுத்துத் தெளிவாக விழுந்திருக்கும்.

1988இல் எங்கள் அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தது. பயிற்சிக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நான் கொடுக்கவில்லை. என் அருகில் அமர்ந்திருந்த பஞ்சாபித் தோழி கொடுத்தாள். என்னைவிட நான்கு வயது இளையவள், வேகமும் குறைவு. "அழித்து அழித்து அடிப்பதும் ஒரு தட்டச்சா?" என்று பலர் முன்னிலையில் அவளைக் கேலி செய்தேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். சில ஆண்டுகளில் என் மேசைக்கு வரும் தாள்கள் குறைந்தன. அவள் அறைக்குப் போகும் தாள்கள் பெருகின. 1996இல், மாமியாரின் உடல்நிலையைக் காரணம் காட்டி விருப்ப ஓய்வு பெற்றேன். அக்காரணம் உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று.

அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் கணிப்பொறியின் தேவையே எனக்கு ஏற்படவில்லை. வங்கி, மின்கட்டணம், இரயில் பயணச்சீட்டு எல்லாவற்றையும் என் கணவர் பார்த்துக்கொண்டார். 2021இல் அவர் மறைந்தார். மகன் பெங்களூரில் இருந்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் மனமுவந்து உதவினான். மாதந்தோறும் வருவான், "ஆன்ட்டி, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்பான், நான் கைப்பேசியைப் பார்த்து எண்களைப் படிப்பேன். ஒருநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டவன், "ஆன்ட்டி, உங்கள் பென்ஷன் வந்துவிட்டது" என்றான். தவறான எண்ணம் அவனிடம் சிறிதும் இல்லை. ஆயினும் என் ஓய்வூதியம் வந்த செய்தி எனக்கு முன்பே மற்றொருவருக்குத் தெரிந்திருக்கிறதே என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

2017 ஜூலை மாதம் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' என்னும் இணையவழிக் கல்வித்தளத்தைப் பற்றி என் மகன்தான் சொன்னான். கல்லூரிப் பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். படிப்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டுமே கட்டணம். காணொளி, படிப்பதற்கான பாடம், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், ஐயம் கேட்கும் களம் என நான்கு பகுதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் உண்டு. 2023 ஜூலைப் பருவத்தில், கணிப்பொறி அடிப்படைகள் குறித்த தொடக்கநிலைப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். பெயர்ப் பதிவில் வயதைக் கேட்டார்கள். எழுபது என்று அடித்தபோது, என் வாழ்நாளிலேயே முதன்முறையாக, விசைப்பலகையின் முன் என் விரல் நடுங்கியது.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. புரியாத இடங்களில் மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' காணொளிகள் கைகொடுத்தன. அவற்றுள் பல தமிழிலும் உள்ளன. சிறு சிறு பாடங்கள். சற்றுக் கேட்டு, நிறுத்தி, செய்து பார்த்து, மீண்டும் கேட்கலாம். ஒரே ஐயத்தை ஏழுமுறை கேட்டாலும் முகம் சுளிக்காத ஆசிரியர் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

தட்டச்சு தெரிந்தவளுக்கு இது எளிது என்று எண்ணியிருந்தேன். என் தொல்லை அங்கேதான் தொடங்கியது. தட்டச்சு இயந்திரத்தில் வரி முடியும் தறுவாயில் மணி ஒலிக்கும். உடனே நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குப் போகவேண்டும். கணிப்பொறியில் வரி தானே மடங்கிக்கொள்கிறது. ஒலிக்காத மணி என் காதில் ஒலிக்க, ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் சுண்டுவிரல் 'என்டர்' விசையை அழுத்திற்று. பிறகு எழுத்தின் அளவைச் சற்றே பெரிதாக்கினால் வரிகள் அனைத்தும் பாதியில் முறிந்து தொங்கின. விரல்களுக்குப் புதியதைக் கற்பிப்பது எளிது. ஐம்பதாண்டுப் பழக்கத்தை விடச்சொல்வதே கடினம்.

ஐந்தாம் வாரம் அட்டவணைக் கணக்கு. ஒரு மாத வீட்டுச் செலவைப் பட்டியலிட்டுக் கூட்டச் சொன்னார்கள். மளிகை 4,250, காய்கறி 2,300, மருந்து 3,675, வேலைக்கு உதவும் அம்மாளுக்கு 2,500, பால் 1,860, மின்சாரம் 1,240. கூட்டல் கட்டளை கொடுத்தேன். திரையில் 12,725 என்று வந்தது. ஐயம் கொண்டு தாளில் எழுதிக் கூட்டினால் 15,825. மூவாயிரத்து நூறு ரூபாய் எங்கே போயிற்று? இரண்டு நாள் தேடினேன். மகனைக் கேட்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் அழைக்கலாம். எதற்காகச் சேர்ந்தேன் என்பதை நினைத்து, இருவரையும் அழைக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் ஒன்று கண்ணில் பட்டது. மற்ற எண்களெல்லாம் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்க, பாலும் மின்சாரமும் மட்டும் இடப்புறம் ஒதுங்கி நின்றன. எழுத்துகளை இடப்புறமும் எண்களை வலப்புறமும் நிறுத்துவது அட்டவணையின் இயல்பு என்று பாடத்தில் படித்திருந்தேன். அப்படியானால் இவ்விரண்டையும் அது எண்களாகவே கருதவில்லை! அப்போதுதான் விளங்கிற்று. நாங்கள் பயின்ற இயந்திரங்களில் 'ஒன்று' என்னும் இலக்கத்துக்குத் தனி விசை கிடையாது. சிறிய 'எல்' எழுத்தையே ஒன்றாக அடிப்போம். என் விரல் இங்கும் அதையே செய்திருந்தது. மனிதர் கண்ணுக்கு அது ஒன்று; கணிப்பொறிக்கு அது வெறும் எழுத்து. இரண்டு இலக்கங்களை மாற்றி அடித்தேன், 15,825 வந்தது. வீட்டில் யாருமில்லை. இருந்தும் வாய்விட்டுச் சிரித்தேன்.

பருவ முடிவில் நேரில் தேர்வு. மைய வாயிலில் காவலர் என்னைப் பார்த்து, "மாதாஜி, பிள்ளைகளுடன் வந்தவர்கள் அந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும்" என்றார். நுழைவுச்சீட்டை நீட்டினேன். சீட்டிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். தேறிவிட்டேன். மதிப்பெண் பெருமைப்படும்படி இல்லை. ஆகவே இங்கே எழுதவில்லை.

இன்று என் வங்கிக் கணக்கை நானே பார்க்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளை இப்போதும் வருகிறான். காப்பி அருந்திவிட்டுப் போகிறான். ஓ.டி.பி. கேட்பதில்லை.

வேலை தேடி வந்த ஊரில் வேரூன்றிவிட்ட நம்மில் பலர், பிள்ளைகள் வேறு ஊர் சென்றபின் தனித்திருக்கிறோம். 'இந்த வயதில் எதற்கு?' என்று நம்மைத் தடுப்பது வயது என்றே நினைக்கிறோம். என்னைத் தடுத்தது வயது அன்று; கைவந்த ஒன்றில் முதல்வளாக இருந்தவள் மற்றொன்றில் கடைசியாளாக அமர வெட்கப்பட்டதே. முப்பத்தைந்து வயதிலும் அந்த வெட்கம் என்னிடம் இருந்தது.

சான்றிதழ் வந்த அன்று என் முதல் மின்னஞ்சலை, இப்போது சண்டிகரில் வாழும் அந்தப் பஞ்சாபித் தோழிக்கு எழுதினேன். 1988இல் நான் சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. நான் என்ன சொன்னேன் என்பதே அவளுக்கு நினைவில்லையாம். ஐந்து கார்பன் தாள்களைச் சுருங்காமல் சேர்த்துச் செருக நான் கற்றுக்கொடுத்தது மட்டுமே நினைவிருக்கிறதாம்.

அவள் பதிலின்கீழ் என் கடிதமும் இருந்தது. மீண்டும் படித்தபோதுதான் கவனித்தேன். 1988 என்பதில் முதல் இலக்கத்தைச் சிறிய 'எல்' ஆகவே அடித்திருந்தேன். கடிதத்தில் அது எந்தக் கூட்டலையும் கெடுக்காது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.