ஐந்து நாளைக் கடந்த காய்ச்சல்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், குழந்தைக்குக் காய்ச்சலும் உடலில் செந்தடிப்பும் கண்டால், அம்மை என்று முடிவு செய்வதே வழக்கம். எங்கள் ஒன்றரை வயதுப் பேரனுக்கும் அவ்வாறே முடிவு செய்தோம். வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மை கண்ட வீடென்று ஞாயிறு பூசைக்கும் போகாதிருந்தோம். மருந்து கொடுக்கலாகாது என்று அண்டை வீட்டார் கூறியதை மறுக்கவும் துணியவில்லை.

காய்ச்சலோ தணியவில்லை. இரண்டாம் நாள் கண்கள் இரண்டும் சிவந்தன. பீளை மட்டும் இல்லை. அடுத்து உதடுகள் வெடித்தன. நாக்கு முள் எழுந்தாற்போல் சிவந்தது. பிறகு கைகளும் பாதங்களும் வீங்கின. கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டியது. ஒன்று தோன்றும்போது மற்றொன்று மறைந்தமையால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் காவிரிப் பாலம் கடந்து திருச்சிக்கு விரைந்தோம். குழந்தை மருத்துவர் நாள்வாரியாக எல்லாவற்றையும் கேட்டறிந்தார். இடக்கையில் பி.சி.ஜி. ஊசி போட்ட பழைய தழும்பு சிவந்திருந்ததையும் கண்டார். "இது அம்மையன்று; கவாசாக்கி நோய்" என்றார்.

ஜப்பானிய மருத்துவர் டோமிசாக்கு கவாசாக்கி 1961-இல் முதன்முதல் கண்டு, 1967-இல் 50 குழந்தைகளின் விவரங்களோடு எழுதி வெளியிட்ட நோய் இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டோரையே தாக்குகிறது. இரத்தக் குழாய்கள் அழற்சியுறுகின்றன. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. மருத்துவம் செய்யாவிட்டாலும் காய்ச்சல் நாளடைவில் தானே தணிந்துவிடும். பெற்றோர் ஏமாறுவது அங்கேதான். அவ்வாறு விடப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத் தமனிகள் புடைத்துவிடுகின்றன. காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள் இம்யுனோகுளோபுலின் மருந்தை ஏற்றினால் அவ்வாபத்து பெரிதும் குறைகிறது.

மருந்தின் விலை அதிகம். மருமகள் வளையல்களைக் கழற்றித் தந்தாள். மருந்து ஏறிய மறுநாள் காய்ச்சல் இறங்கியது. எக்கோ பரிசோதனையில் ஒரு தமனி சற்றே விரிந்திருந்தது. இரண்டு மாதங்களில் அதுவும் சீராயிற்று. இடையில் விரல்நுனிகளில் தோல் உரிந்தபோது நாங்கள் அஞ்சவில்லை; அது இந்நோயின் இயல்பென்று முன்னரே சொல்லியிருந்தார்கள்.

அன்புள்ள பெற்றோரே, எல்லாக் குறிகளும் ஒரே நாளில் தோன்றுமெனக் காத்திராதீர்கள். கண்டவற்றை நாளிட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். காய்ச்சல் ஐந்தாம் நாளை எட்டுமுன்னரே அத்தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். வேப்பிலை வாசலில் இருக்கட்டும். குழந்தை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டாம்.