ஒன்பது பவுன் அணில்

அணில் மரத்துல இருந்து தலைகீழா இறங்கறதைப் பார்த்திருப்பீங்க. பூனையால அது முடியாது. ஏறிடும், அப்புறம் இறங்கத் தெரியாம கத்தும். அணிலோட பின்னங்கால் பாதம் கணுக்கால்ல இருந்து அப்படியே பின்பக்கமாத் திரும்பும். நகம் பட்டையில மாட்டிக்கும், உடம்பு நிம்மதியாக் கீழ தொங்கும். தாவறதுக்கு, குந்தி உட்கார்ந்து ரெண்டு கையாலயும் கொய்யாப்பழத்தைப் பிடிக்கறதுக்கு, காது சொறியறதுக்கு எல்லாத்துக்கும் பின்னங்கால்தான் வேணும்.

அந்த ரெண்டு காலும் போயிட்டா அணில்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்? எங்கம்மா ரெண்டு வருஷம் நாலு மாசம் அந்த மிச்சத்தைத்தான் வளர்த்தாங்க.

ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். எங்க வீடு பாலக்காடு ஜில்லாவோட கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு கேரளா, வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ், ஜவுளி எடுக்கப் பொள்ளாச்சி. சித்தி வாக்கப்பட்டது இடுக்கி ஜில்லா மறையூர். ரெண்டும் கேரளாதான். ஆனா எங்க வீட்டுல இருந்து சித்தி வீட்டுக்குப் போக பொள்ளாச்சி, உடுமலை, அமராவதின்னு தமிழ்நாட்டுக்குள்ள புகுந்து, சின்னாறு செக்போஸ்ட்ல திரும்பவும் கேரளாவுக்குள்ள ஏறணும். இது அப்புறம் கதையில வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

2018 ஜூன். தென்மேற்குப் பருவக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற அடியில ஒரு தென்னமட்டை விழுந்தது. கூடவே அணில் கூடும். உள்ள ரெண்டு குட்டி, அப்பத்தான் கண் திறந்தது. தாய் அணில் குட்டியைத் தேடி வரும்ங்கறது அம்மாவுக்குத் தெரியும். அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, பூனை எட்டாத உயரத்துல அதே மரத்துல கட்டி வச்சிட்டுத் திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. தாய் வந்துச்சு. ஒண்ணைக் கவ்விக்கிட்டு மேல போச்சு. இன்னொண்ணை மோந்து பார்த்துச்சு, விட்டுட்டுப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் திரும்பி வரலை. எடுத்துப் பார்த்தா அந்தக் குட்டி முன்னங்கையால மட்டும் ஊர்ந்துச்சு. பின்பக்கம் நனைஞ்ச துணி மாதிரி இழுபட்டுச்சு.

மிருகாஸ்பத்திரி டாக்டர் கால் விரலை இடுக்கியால அழுத்திப் பார்த்தார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கலை. "தண்டுவடத்துல அடி. உணர்ச்சியே இல்லைன்னா நடக்க வாய்ப்பு ரொம்பக் கம்மிங்கம்மா. ஒண்ணு, ஊசி போட்டு முடிச்சிடலாம். இல்லைன்னா ஆயுசு முழுக்க நீங்க பார்க்கணும். காட்டிலாகாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

அன்னைக்கு ராத்திரி ஃபோன்ல குடும்ப மாநாடு. அம்மா கொழிஞ்சாம்பாறை, அக்கா மஸ்கட், நான் பெர்த். அக்கா நர்ஸ். தண்டுவடம் அடிபட்ட நோயாளிங்களை வருஷக்கணக்காப் பார்த்தவ. "ஊசி போட்டுடுங்கம்மா. மனுஷனுக்கே அது பெரிய பாடு, இது எத்தனூண்டு உசுரு" அப்படின்னா. இரக்கமில்லாமச் சொன்ன பேச்சு இல்லை அது. அம்மா கேட்டுட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "திங்குது கண்ணு. திங்கற உசுரை எப்படிச் சாமி கொல்றது?"

அப்பா போய் அப்போ ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. பக்கவாதத்துல படுத்தவரை மூணு வருஷம் புரட்டிப் படுக்க வச்சவங்க அம்மா. அதை அன்னைக்கு யாரும் பேசலை. ஆனா எங்க மூணு பேருக்குமே அது ஞாபகத்துல இருந்துச்சு.

அடுத்த வாரத்துல இருந்து அக்காதான் வாத்தியார். பின்கால் செத்துப்போன உயிருக்கு நடை போறதைவிடப் பெரிய கஷ்டம் மூத்திரம். மூத்திரப்பை நிறையும், தானாக் காலியாகாது. தேங்கி நின்னா சீழ் பிடிக்கும், சிறுநீரகம் கெடும். அதனால ஒரு நாளைக்கு நாலு தடவை, வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சு, அடிவயித்தை ரெண்டு விரலால மெல்ல அமுக்கி எடுக்கணும். டாக்டர் கைபிடிச்சுக் காட்டித்தான் இதைக் கத்துக்கணும். அழுத்தம் கூடினா உள்ளயே கிழிஞ்சிடும். முடிச்சதும் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும். ஈரம் நின்னா தோல் வெந்துடும், புண்ணாகும், ஈ மொய்க்கும்.

அம்மாவோட அட்டவணை: காலையில 5, பகல் 11, சாயங்காலம் 4, ராத்திரி 9.30. கடைசி நேரம் எங்களுக்கு நடுராத்திரி 12. "ஆச்சா?"ன்னு கேட்டுட்டுப் படுக்கறது எனக்கே பழக்கமாயிடுச்சு. வீட்டம்மா கேட்டா, "உங்க தம்பி ஒண்ணுக்குப் போயிட்டானா?" :-)

படுக்கை அப்பாவோட பழைய வேட்டி. டர்க்கி டவல் கூடாது, அந்த நூல் வளையத்துல நகம் மாட்டினா விரலே போயிடும். பின்னங்கால் நகம் தேயாது, வெட்டி விடணும். முன்பல்லு ஆயுசு முழுக்க வளர்ந்துட்டே இருக்கும், கொறிக்க எதுவும் இல்லைன்னா வளைஞ்சு வாயையே குத்தும். அதுக்குக் கொய்யாக் குச்சியும் தேங்காத்தொட்டித் துண்டும். உணர்ச்சியில்லாத காலைத் தன் கால்னே தெரியாம சில அணிலுங்க கடிச்சுக் குதறிடும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால தினமும் காலைத் தூக்கிப் பார்க்கற வேலையும் உண்டு.

வளர்ந்ததும் தெருமுனை நகைக்கடைத் தராசுல எடை போட்டாங்க. 72 கிராம். "ஒன்பது பவுனுங்க"ன்னாராம் கடைக்காரர். அன்னையில இருந்து அதுக்குப் பேரே பவுனு.

இங்க ஒண்ணு சொல்லணும். பின்கால் விழுந்த அணில் எல்லாமே மரத்துல இருந்து விழுந்ததுங்க இல்லை. வீட்டுல பிரியமா வளர்க்கற அணிலுக்குச் சாப்பாட்டாலயும் இது வரும். நாம குடுக்கறது என்ன? பிஸ்கட்டு, சோறு, நிலக்கடலை. கடலையில பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கம்மி. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது, எலும்புல இருந்து உருவும். எலும்பு மெலியும். முதல்ல தள்ளாடறது பெரும்பாலும் பின்னங்கால்தான். வீட்டுக்காரங்க "எங்கயோ விழுந்துடுச்சு போல"ன்னு நினைச்சுக்குவாங்க. நல்ல செய்தி என்னன்னா, சீக்கிரம் கண்டுபிடிச்சு, டாக்டர் எடைக்குத் தகுந்த மாதிரி கால்சியம் குடுத்து, வெயிலும் காட்டினா இந்த வகை பல நேரம் எழுந்து ஓடும். அந்த வெயில் ஜன்னல் கண்ணாடி வழியா வந்தாப் பிரயோஜனமில்லை. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி உண்டாக்கற கதிரைக் கண்ணாடி தடுத்துடும். காலை இளவெயில்ல, பக்கத்துலயே நிழலும் இருக்கற மாதிரி வைக்கணும்.

குட்டிக்குப் பசும்பாலும் வேண்டாம், வயித்தால போகும். நாய்க்குட்டிக்குக் கிடைக்கற பால்பவுடர் தேவலை. முதல்ல உடம்பைச் சூடாக்கணும், அப்புறம்தான் பால். குப்புற வச்சு, ஊசியில்லாத சிரிஞ்சுல சொட்டுச் சொட்டா. மல்லாக்க வச்சா நுரையீரலுக்குப் போயிடும். பாலக்காடு, இடுக்கிப் பக்கம் உள்ளூர் டாக்டருக்கு அணில் பழக்கமில்லைன்னா, திருச்சூர் பக்கத்துல மண்ணுத்தியில 1955-ல இருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

பவுனுக்கு நடக்க வைக்கற முயற்சியும் நடந்தது. 2018-ல துருக்கியில கராமெல்னு ஒரு அணில் பொறியில மாட்டி முன்னங்கால் ரெண்டும் போயிடுச்சு. இஸ்தான்புல் அய்தின் பல்கலைக்கழகத்துல அதுக்குச் சின்னச் சக்கரம் வச்ச செயற்கைக் கால் செஞ்சாங்க. அந்தச் செய்தியை அம்மாவுக்கு அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பையன் உற்சாகமாகி, பொம்மைக் கார் சக்கரத்தையும் ஐஸ் குச்சியையும் வச்சு ஒரு வண்டி செஞ்சான். பவுனு அதுல நாலடி ஓடுச்சு. அஞ்சாவது அடியில நின்னு, திரும்பி, கட்டியிருந்த நாடாவைக் கடிச்சுத் துண்டாக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள் ஜன்னல் திரையில முன்னங்கையால மட்டும் தொங்கி ஒரு முழம் ஏறியிருந்துச்சு. மலையாளத்துல "அண்ணான் மூத்தாலும் மரங்கேற்றம் மறக்குமோ"ன்னு சொலவடை உண்டு. அணில் கிழடானாலும் மரம் ஏற மறக்குமான்னு அர்த்தம். அம்மா திரைக்குக் கீழ ஒரு தலையணையைப் போட்டாங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்ச மாற்றம்.

2019-ல எங்க சின்னவ பொறந்தா. அம்மா பெர்த் வரணும். "பவுனை யார் பார்ப்பா?"ன்னாங்க. டிக்கெட் எடுக்கவே விடலை. எனக்குக் கோபம்தான். பேத்தியா, அணிலான்னு கேட்கவும் செஞ்சேன். "ரெண்டும்தான். வழி சொல்லு"ன்னாங்க. வழி மறையூர்ல இருந்து வந்துச்சு. சித்தி ஒரு கையில துணிப்பை, இன்னொரு கையில மறையூர் வெல்லத்தோட பஸ் ஏறி, சின்னாறு வழியா உடுமலை இறங்கி, பொள்ளாச்சி மாறி வந்து நின்னாங்க. "அக்கா, நீ போ. எனக்கு ரெண்டு நாள்ல கத்துக் குடு."

சித்திக்கு அணில் புதுசில்லை. சின்னாறு சரணாலயத்துல (1984-ல அறிவிச்சது) ஆத்தோரத்து மரங்கள்ல சாம்பல் நிற மலையணில் உண்டு. தமிழ்நாட்டுல ஸ்ரீவில்லிபுத்தூர்ல அதுக்குன்னே 1988-ல சரணாலயம் வச்சாங்க. தரைக்கு அதிகம் இறங்காது, மரத்துக்கு மரம் தாவியே வாழும். "அதுக்கு இப்படி ஆனா யாரு பஞ்சு எடுத்துட்டுப் போவா"ன்னு சித்தி கேட்டாங்களாம். யாரும் போகவும் கூடாது. அது சட்டம் பாதுகாக்கற உயிர், அடிபட்டுக் கிடந்தா வனத்துறைக்குத்தான் சொல்லணும். சாதா அணிலையுமே ஆசைக்குப் பிடிச்சு வளர்க்கறது வேண்டாம். விழுந்தது வந்தா டாக்டருக்கும் வனத்துறைக்கும் சொல்லிட்டுப் பாருங்க, குணமானா மரத்துக்கே விட்டுடுங்க.

அம்மா பெர்த்ல மூணு மாசம் இருந்தாங்க. இந்த ஊருக்கும் நம்ம அணிலுக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1898 வாக்குல இங்க விலங்குக் காட்சிசாலை வழியா வட இந்திய அணில் வந்து, வெளிய பெருகிடுச்சு. இயற்கை எதிரி இல்லாததால இங்க அது ஒழிக்க வேண்டிய அயல் உயிரினம். வீட்டுல வளர்க்க முடியாது. அதுக்கு முதுகுல அஞ்சு வரி, நம்மூர் அணிலுக்கு மூணு. அம்மா யோசிச்சாங்க. "ராமர் இதுக்குக் கையை முழுசா வச்சுட்டாரு போல. அப்புறமும் விசா குடுக்க மாட்டேங்கறாங்களா?"

2020 மார்ச். ஆஸ்திரேலியா எல்லையை மூடிட்டாங்க. மேற்கு ஆஸ்திரேலியா முழுசாத் திறந்தது 2022 மார்ச் 3-ம் தேதி. அங்க ஊரடங்குல கேரள-தமிழ்நாடு செக்போஸ்ட்டும் அடைப்பு. மறையூர்ல இருந்து சித்தி வர்ற வழியே தமிழ்நாட்டுக்குள்ளதான், அதுவும் போச்சு. அக்காவுக்கு மஸ்கட்ல கோவிட் வார்டு. அம்மா தனியா, 67 வயசுல. நாங்க ரெண்டு பேரும் தினமும் பயந்தோம்.

அந்த மாசங்கள்ல அம்மா எங்களுக்குச் சொன்ன சேதி நாலு நேரமும் ஒண்ணுதான். "ஆச்சு." காலையில 5-க்கு ஒரு ஆச்சு, ராத்திரி 9.30-க்கு ஒரு ஆச்சு. அந்த வார்த்தை வந்தா அம்மா எழுந்திருக்காங்க, சுடுதண்ணி வச்சிருக்காங்க, குனிஞ்சு நிமிர முடியுது, பேசத் தெம்பிருக்குன்னு அர்த்தம். ஒரு நாள் 11 மணி ஆச்சு வரலை. அக்கா மஸ்கட்ல இருந்து பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போட்டா. காய்ச்சல்ல படுத்திருந்தாங்க. பக்கத்து வீட்டுப் பையன் மருந்து வாங்கிக் குடுத்து, பவுனுக்கும் பஞ்சு பிடிச்சான். பார்த்துப் பார்த்துக் கத்து வச்சிருந்தானாம்.

ஊசி போட்டுடலாம்னு முதல்ல சொன்ன அக்காதான் அன்னைக்கு என்கிட்டச் சொன்னா, "நல்லவேளைடா, அம்மா என் பேச்சைக் கேட்கலை"ன்னு.

2020 அக்டோபர்ல பவுனு சாப்பிடறதை நிறுத்துச்சு. மூத்திரத்துல ரத்தம். டாக்டர் மருந்து குடுத்தும் மூணு நாள் இறங்கலை, வலியில உடம்பு உதறுச்சு. அம்மாவே சொன்னாங்க, "இப்ப திங்கலை கண்ணு. இனி போதும்." டாக்டர் ஊசி போட்டார். மடியில வச்சிருந்தாங்க. கொய்யா மரத்தடியில, அதே வேட்டித் துண்டுல சுத்திப் புதைச்சாங்க. மறுநாள் காலையில 5 மணிக்கு ஃபோன் வந்துச்சு. சொல்ல ஒண்ணும் இல்லை. இருந்தாலும் கூப்பிட்டாங்க. அந்த நேரம் இன்னைக்கு வரைக்கும் மாறலை.

போன வருஷம் ஜூன் காத்துல திரும்பவும் ஒரு கூடு விழுந்துச்சு. ஒரே குட்டி, நாலு காலும் உதைச்சுச்சாம். அம்மா அட்டைப்பெட்டியை மரத்துல கட்டிட்டுத் திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. அரை மணியில தாய் வந்து கவ்விக்கிட்டு மேல போயிடுச்சு. அம்மா கடைசி வரைக்கும் நின்னு பார்த்துட்டு, ஓரத்துல எடுத்து வச்சிருந்த பஞ்சையும் சிரிஞ்சையும் திரும்பவும் டப்பாவுக்குள்ள போட்டு மூடினாங்களாம்.