காய்ச்சல் போனாலும் கண்ணைக் கவனியுங்கள்

"சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா?" என்று கண் டாக்டர் கேட்டால், "அதுக்கும் கண்ணுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று திருப்பிக் கேட்கிறவர்கள் நம்மில் அதிகம். சம்பந்தம் உண்டு. மதுரைக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

1993 மழைக்காலத்தில் மதுரை வட்டாரத்தில் வெள்ளம் புகுந்து வடிந்தது. அடுத்த ஆண்டு, கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கிப் பலர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் குழுவினர் காரணத்தைத் துருவினார்கள். எலிக் காய்ச்சலைக் கொண்டுவரும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா அது. கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுத்துச் சோதித்தபோது அந்தக் கிருமியின் மரபணுவே அகப்பட்டது.

எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இந்தக் கிருமி இருக்கும். நாற்று நடும் பெண்களின் பாதத்தைப் பாருங்கள். சேற்றிலேயே ஊறி, பித்தவெடிப்பில் ரத்தம் கசியும். அந்த வெடிப்பே கிருமிக்கு வாசல். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று சில நாள் படுத்திவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். கஷாயம் குடித்தோம், சரியாயிற்று என்று வேலைக்குத் திரும்பிவிடுவோம். வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துச் சிலருக்குக் கண்ணின் நடுப்படலம் அழற்சி காண்கிறது. அவர்களில் சிலருக்குக் கருவிழிக்குப் பின்னால், அடியில், சீழ் வெள்ளைக் கோடாகத் தேங்கும். சிலருக்குப் பார்வை நரம்பின் முனையும் வீங்கும்.

இதை 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறார்களே, அதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. மெட்ராஸ் ஐ-யில் பீளை தள்ளும், கண் உறுத்தும்; பார்வை பெரும்பாலும் தப்பிவிடும். உள்ளே வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை மங்கினால் அது வேறு. ஸ்டீராய்டு சொட்டும் கண்மணியை விரிக்கும் மருந்தும் காலத்தில் கிடைத்தால் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்புகிறது. கவனிக்காமல் விட்டால் கண்புரை வரை போகும்.

வீட்டில் வயல் வேலை, மாட்டுத் தொழுவ வேலை, சாக்கடை வேலை பார்க்கிறவர்கள் இருந்தால், காலில் வெடிப்போடு தேங்கிய தண்ணீரில் இறங்க விடாதீர்கள். கண் டாக்டரிடம் போகும்போது, போன மாதக் காய்ச்சலையும் இறங்கிய தண்ணீரையும் அவர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லுங்கள்.